மருத்துவமனைக் கணினிகள் மாறுகின்றன: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

வரும் மாதங்களில் நம் மருத்துவமனையின் கணினிகள் பிரிவு பிரிவாகப் புதிய இயங்குதளத்திற்கு மாற்றப்படவுள்ளன. அந்நாள்களில் பதிவு முகப்பில் வரிசை சற்றே நீளலாம். மருந்தகத்தில் சில நிமிடங்கள் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். வார்டில் செவிலியர்கள் கணினியை விடுத்துக் காகிதத்தில் எழுதுவதைத் தாங்கள் காணக்கூடும். இம்மாற்றம் ஏன் தேவைப்படுகிறது, சிகிச்சைக்கு இடையூறு நேராதிருக்க நாங்கள் செய்துள்ள ஏற்பாடுகள் யாவை, தாங்கள் செய்யக்கூடிய உதவி எது என்பனவற்றை இங்கு விளக்குகிறோம்.

இயங்குதளம் என்பது யாது?

நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவு, மருந்துச்சீட்டு, கட்டண ரசீது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள்கள் உள்ளன. அவை அனைத்தையும் கணினியின் திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி முதலியவற்றோடு இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். நம் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10. இதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது.

ஆதரவு முடிந்ததனால் கணினிகள் நின்றுவிடவில்லை. அவை வழக்கம்போலவே இயங்குகின்றன. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் இனி இயல்பாக வந்து சேரா. கட்டணம் செலுத்தும் நிறுவனங்கள் அதிகபட்சம் மூன்றாண்டுகளுக்கு இத்திருத்தங்களைப் பெறலாம். அக்கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகிறது. உடனே மாற்ற இயலாத சில கணினிகளுக்கு இவ்வழி உதவும். ஆனால் இது தற்காலிக ஏற்பாடே, நிலையான தீர்வன்று.

பழைய கணினியால் நோயாளிக்கு என்ன தீங்கு?

2017 மே 12ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் உலகின் பல நாடுகளிலுள்ள கணினிகளைப் பூட்டிவிட்டுப் பிணைத்தொகை கேட்டது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையிலுள்ள 236 அமைப்புகளுள் குறைந்தது 80 அமைப்புகளின் பணி பாதிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைகள் உட்பட ஏறத்தாழ 19,000 முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. சில ஊர்களில் அவசர நோயாளிகள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் அது நிறுவப்படவில்லை. திருத்தம் வெளியாகியும் நிறுவாததன் விளைவு இதுவெனில், திருத்தமே வாராத கணினியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் 2022 நவம்பர் 23ஆம் நாள் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சேவையகங்கள் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயின. புறநோயாளிப் பதிவு, ஆய்வகம், கட்டணம் முதலிய பணிகள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையால் எழுதியே நடத்தப்பட்டன.

கணினி முடங்கினால் ஒரு நோயாளிக்கு எம்மருந்து ஒவ்வாது, அவர் நேற்று எவ்வளவு இன்சுலின் பெற்றார், அவரது இரத்த வகை யாது என்பன உரிய நேரத்தில் கைக்கு வாரா. ஆகவே இம்மாற்றத்தை நோயாளியின் உயிர்ப் பாதுகாப்போடு சேர்ந்த பணியாகவே நாங்கள் கருதுகிறோம்.

ஒரே நாளில் ஏன் மாற்றுவதில்லை?

எல்லாக் கணினிகளிலும் ஒரே இரவில் விண்டோஸ் 11ஐ நிறுவிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். அதற்குத் தடையாக மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வன்பொருள். புதிய இயங்குதளத்திற்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். செயலியும் அண்மைக்காலத் தலைமுறையைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். எனவே ஒவ்வோர் அறையிலுமுள்ள கணினியைப் பட்டியலிட்டு, நேரடியாக மாற்றத்தக்கவை, உறுப்பு சேர்த்து மாற்றத்தக்கவை, புதிதாக வாங்க வேண்டியவை என வகைப்படுத்தியுள்ளோம். நீக்கப்படும் கணினிகளின் சேமிப்பகங்கள் தகவல் எஞ்சாதவாறு அழிக்கப்பட்ட பின்னரே வெளியேறும்.

இரண்டாவது, மருத்துவக் கருவிகள். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., இரத்தப் பகுப்பாய்வுக் கருவி ஆகியவற்றோடு இணைந்த கணினிகளை நாங்களாக மாற்றலாகாது. கருவியைச் செய்த நிறுவனம் சோதித்து ஒப்புதல் அளித்தாலன்றி, அதன் அளவீடு பிழைபடாது என்பதற்கு உறுதி இல்லை. ஒப்புதல் வரும்வரை அவற்றை இணையத்திலிருந்தும் பிற கணினிகளிலிருந்தும் பிரித்துத் தனி வலைப்பின்னலில் வைக்கிறோம்.

மூன்றாவது, நம் தமிழ். மருந்தகம் தரும் அறிவுரைத் தாள்களில் பல, முற்காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அம்முறையில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் 'உணவுக்கு முன்' என்னும் தொடர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆதலால் இத்தாள்கள் அனைத்தையும் யூனிகோட் முறைக்கு மாற்றி வருகிறோம். மாற்றத்தில் ஒரு சொல் பிறழ்ந்தாலும் மருந்தின் அளவோ வேளையோ மாறிவிடுமாகையால், ஒவ்வொரு தாளையும் மருந்தாளுநர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

மாற்றம் நடைபெறும் முறை

முதலில், நோயாளிகளின் பயன்பாட்டில் இல்லாத சோதனைக் கணினிகளில் எங்கள் மென்பொருள்கள் யாவும் இயக்கிப் பார்க்கப்படுகின்றன. மணிக்கட்டுப் பட்டையையும் இரத்த மாதிரிக் குப்பியின் ஒட்டுச்சீட்டையும் அச்சிடும் பொறிகள், பட்டைக்குறியீட்டைப் படிக்கும் கருவிகள் ஆகியவை தனிக் கவனத்தோடு சோதிக்கப்படுகின்றன. ஓர் ஒட்டுச்சீட்டு தவறினால் ஒருவரின் இரத்த முடிவு மற்றொருவர் பெயரில் சேர்ந்துவிடக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

அடுத்து, கணக்கு, பண்டகசாலை போன்ற அலுவலகப் பிரிவுகள் மாற்றப்படும். அங்குப் பெறும் அனுபவத்தைக் கொண்டு புறநோயாளிப் பிரிவும், பின்னர் வார்டுகளும் மாற்றப்படும். அவசரச் சிகிச்சைப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இறுதியாகவே மாறும். கூட்டம் மிகும் திங்கட்கிழமைகளைத் தவிர்த்து, புறநோயாளிப் பிரிவு முடிந்த பின்னரே பணி தொடங்கும்.

ஒவ்வொரு கட்டத்திற்கு முன்னும் தகவல்கள் மூன்று படிகளாகச் சேமிக்கப்படும். அவற்றுள் ஒன்று மருத்துவமனைக்கு வெளியே வைக்கப்படும். சேமித்த படியிலிருந்து தகவலை மீட்க முடிகிறதா என்பதும் முன்கூட்டியே சோதித்தறியப்படும். மாற்றப்பட்ட கணினியில் நோயாளிக்குத் தீங்கு தரத்தக்க பிழை எதனையேனும் கண்டால், பணியிலுள்ள பொறுப்புச் செவிலியரே "நிறுத்துக" எனச் சொல்லலாம். எவருடைய ஒப்புதலுக்கும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்நிலையில் உடனே பழைய கணினிக்குத் திரும்புவதற்காக, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பழைய கணினி சில வாரங்கள் ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும்.

படுக்கையருகேயுள்ள செயற்கைச் சுவாசக் கருவியும் மருந்து செலுத்தும் பம்பும் இந்த அலுவலகக் கணினிகளைச் சார்ந்து இயங்குபவை அல்ல. கணினி மாற்றப்படும் நேரத்திலும் அவை தடையின்றி இயங்கும். ஆகவே உள்நோயாளிகளின் குடும்பத்தினர் இதுகுறித்து அஞ்ச வேண்டியதில்லை.

கணினி இல்லாத நேரத்தில் மருந்து ஆணைகளும் செலுத்திய அளவுகளும் அச்சிட்ட படிவங்களில் எழுதப்படும். உடனடி கவனம் வேண்டும் ஆய்வக முடிவுகள் தொலைபேசியில் தெரிவிக்கப்படும். கேட்டு எழுதுபவர் அதனைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்வார். கணினி மீண்டதும் காகிதக் குறிப்புகள் ஒருவரால் பதிவு செய்யப்பட்டு மற்றொருவரால் சரிபார்க்கப்படும்.

தாங்கள் செய்ய வேண்டுவன

1. வருகையின்போது பதிவு அட்டை, பழைய மருந்துச்சீட்டுகள், அண்மைய ஆய்வக முடிவுகள் ஆகியவற்றை உடன் கொண்டு வருக. டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் இதனைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

2. தற்போது உட்கொள்ளும் மருந்துகளை அட்டைகளுடன் ஒரே பையில் எடுத்து வருக. எம்மருந்தேனும் ஒவ்வாதெனில், கேட்பதற்கு முன்பே கூறுக.

3. பெயரையும் பிறந்த நாளையும் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிப்படைய வேண்டா. மணிக்கட்டுப் பட்டையிலுள்ள பெயர் சரியாக உள்ளதா எனத் தாங்களும் பாருங்கள்.

4. மருந்துடன் தரப்படும் தாளைக் கவுன்ட்டரிலேயே படித்துப் பாருங்கள். எழுத்து சிதைந்திருந்தாலோ, மருத்துவர் சொன்னதற்கு மாறாக இருந்தாலோ, அம்மருந்தை உட்கொள்வதற்கு முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

5. "கணினி மாறுகிறது, மறுபதிவுக்கு ஓ.டி.பி. சொல்லுங்கள், பணம் அனுப்புங்கள்" என எவரேனும் தொலைபேசியில் கேட்டால் மறுத்துவிடுங்கள். இம்மாற்றத்திற்காக நோயாளிகளிடம் ஓ.டி.பி.யோ வங்கி விவரமோ கட்டணமோ நாங்கள் கேட்பதில்லை.

ஒவ்வொரு பிரிவும் மாற்றப்படும் நாள் பதிவு முகப்பின் அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் முன்னதாகவே வெளியிடப்படும். ஐயம் ஏதேனும் இருப்பின் உதவி மேசையில் கேட்டறியலாம். மாற்றத்திற்குப் பின் தங்கள் பதிவேட்டில் பிழையோ விடுபாடோ கண்டால் தயங்காமல் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். தாங்கள் சுட்டிக்காட்டும் ஒரு பிழை, அடுத்த பிரிவில் அதே பிழை நேராமல் தடுக்க எங்களுக்கு உதவும்.