21 பாட்டில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' அடங்குமா?

எங்கள் ஆபீசில் சீனியர் ஒருவர் இருக்கிறார். 2003-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவினர் நடத்திய கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துப் போய் வந்தவர். அறுபதை நெருங்கிய மிக் ஜாகர் மேடையில் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் சொல்லுவார். "அந்தக் கோஷ்டியைத் தெரிஞ்சுக்கணும்னா 'ஹாட் ராக்ஸ்' ஒண்ணு போதும் தம்பி. மத்ததெல்லாம் காசுக்குக் கேடு" என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சிக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கிடார் வாசிப்பவர். "அது கல்யாண ஆல்பம் மாதிரி. மாப்பிள்ளை நூறு போட்டோவிலே இருக்காரு. பெத்தவங்க போட்டோ ஒண்ணு கூட இல்லை" என்கிறார் அவர்.

இந்த வழக்கு இவர்கள் இருவருக்குள் மட்டும் நடப்பதல்ல. அந்தத் தொகுப்பு வந்த நாள் முதல் ரசிகர்கள் இப்படித்தான் இரண்டு பட்டு நிற்கிறார்கள்.

'ஹாட் ராக்ஸ்' 1971 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டு இசைத்தட்டு, 21 பாட்டு. 1964 முதல் 1971 வரை பிரபலமானவை வரிசையாக வரும். 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' உண்டு. பிரையன் ஜோன்ஸ் சிதார் வாசித்த 'பெயின்ட் இட் பிளாக்' உண்டு. 'கிம்மி ஷெல்டர்' உண்டு. ஒன்று கூட சோடை இல்லை. அமெரிக்காவில் இந்தக் குழுவின் பெயரில் இதைவிட அதிகம் விற்ற தொகுப்பு வேறு இல்லை. மாதச் சம்பளத்தில் ஒரே ஒரு செட் வாங்க முடிகிறவனுக்கு இது லாபம்தான். சீனியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொகுப்பு வெளியானபோது அந்தப் பாட்டுகளின் உரிமை பாடியவர்கள் கையில் இல்லை. அவர்களுடைய பழைய மேனேஜர் ஆலன் க்ளைனின் கம்பெனியிடம் இருந்தது. குழுவினர் 1970-ல் அவரை விட்டு விலகித் தனியாக லேபிள் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் அதற்கு முன்பு உழைத்த உழைப்பெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. பழைய கம்பெனி பாட்டையும் புதிய பாட்டையும் ஒரே தொகுப்பில் கேட்க, 2002-ல் 'ஃபார்ட்டி லிக்ஸ்' வரும்வரை ரசிகர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொகுப்பை ஒட்டி நடத்திய சுற்றுப்பயணத்தில்தான் பெங்களூருக்கும் வந்தார்கள்.

பிளாட்பாரத்தில் ஒரு சந்திப்பு

ரயில்வேக்காரன் என்பதால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு ஸ்டேஷன். லண்டனுக்கு அருகே உள்ள டார்ட்ஃபோர்டு. 1961 அக்டோபர் 17-ந் தேதி காலை, இரண்டாம் பிளாட்பாரம். சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்துப் பிரிந்த இரண்டு வாலிபர்கள் அங்கே தற்செயலாகச் சந்தித்தார்கள். ஒருவர் மிக் ஜாகர். மற்றவர் கீத் ரிச்சர்ட்ஸ். ஜாகரின் கக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் பேச்சு வளர்ந்தது.

அந்தத் தட்டுகளில் ஒன்று 'தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்'. வாசகர்கள் கவனிக்க வேண்டும், அதுவும் ஒரு தொகுப்புதான்! 1958-ல் சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்ட 12 பாட்டுத் தொகுப்பு. அதில் உள்ள 'ரோலின் ஸ்டோன்' என்ற பாட்டிலிருந்துதான் குழுவுக்குப் பெயரே வந்தது. ஆக, தொகுப்பு என்றாலே மட்டம் என்று கார்டு அய்யா சொல்ல முடியாது. அவர் கொண்டாடும் குழுவே ஒரு தொகுப்பைக் கேட்டு வளர்ந்த குழு.

வெளியூர் பிழைப்பு

யார் இந்த மடி வாட்டர்ஸ்? அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்த கறுப்பர். 1943-ல் ரயிலேறி சிகாகோவுக்குப் பிழைக்கப் போனார். பகலில் காகிதத் தொழிற்சாலையில் வேலை. லாரியும் ஓட்டியிருக்கிறார். இரவில் மதுக்கடைகளில் பாட்டு. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து வாசித்த கிடார், நகரத்துக் கூட்டத்தின் இரைச்சலில் எடுபடவில்லை. அதனால் மின்சார கிடாருக்கு மாறினார். 1948-ல் அவர் பெயரை ஊரறியச் செய்த 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பாட்டே, தெற்கே சொந்த ஊருக்குத் திரும்ப நினைப்பவன் பாடுவதுதான். ஊரை விட்டு வந்து சம்பாதிக்கிற நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. இந்த வகைப் பாட்டுக்குத்தான் 'புளூஸ்' என்று பெயர்.

ஸ்டோன்ஸ் குழுவினரும் முதலில் இதைத்தான் பாடினார்கள். வில்லி டிக்சன் எழுதி, ஹௌலின் உல்ஃப் பாடிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' என்ற புளூஸ் பாட்டை அவர்கள் பாடி, அது 1964 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு அமெரிக்க டெலிவிஷனுக்கு அழைப்பு வந்தபோது, ஹௌலின் உல்ஃபையும் பாட அழைக்க வேண்டும் என்று கேட்டு, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்த 'ரூஸ்டர்' 'ஹாட் ராக்ஸ்' தொகுப்பில் இல்லை. அமெரிக்காவில் அது தனித்தட்டாக வெளிவரவில்லை; தொகுத்ததோ அமெரிக்கக் கம்பெனி. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தொகுப்பில் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' ஒன்றைச் சேர்த்தார்கள். "போனாப் போகுதுன்னு பந்தியிலே கடைசி இலை போட்ட மாதிரி" என்றார் கார்டு அய்யா.

ராபர்ட் ஜான்சன் கதை இன்னும் மோசம். 1938-ல் 27 வயதில் இறந்துபோனவர். அவருடைய 'லவ் இன் வெய்ன்' பாட்டை ஸ்டோன்ஸ் 1969-ல் பாடியபோது தட்டில் ஜான்சன் பெயரே இல்லை. பிறகு உரிமை பற்றி வழக்கு நடந்து, அந்தப் பாட்டு பொதுச் சொத்து ஆகிவிடவில்லை என்று 2000-ல்தான் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

ஒருவரைச் சேர்க்கும்போது இன்னொருவரை விட்டுவிடுவது இசைத்தட்டில் மட்டும் நடப்பதல்ல. டார்ட்ஃபோர்டு பிளாட்பாரத்தில் 2015-ல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இங்கே சந்தித்து, பிறகு குழுவை அமைத்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பழைய உறுப்பினர் பில் வைமன் கொதித்துவிட்டார். குழுவை அமைத்தவர் பிரையன் ஜோன்ஸ் அல்லவா! 1969-லேயே இறந்துபோன ஜோன்ஸ் வந்து கேட்க முடியாது. வைமன் கேட்டார். பலகையை மாற்றுவதாக நகரசபை ஒப்புக்கொண்டது.

என் கட்சி எது என்று கேட்டால், வாங்குவதற்கு 'ஹாட் ராக்ஸ்' சரிதான். அதோடு நிறுத்திக்கொண்டால்தான் நஷ்டம். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் கூட நிறுத்தவில்லை. 2016-ல், எழுபது தாண்டிய வயதில், 'புளூ அண்ட் லோன்சம்' என்று ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள். மூன்றே நாளில் பதிவு செய்தது. 12 பாட்டிலும் அவர்கள் எழுதியது ஒன்று கூட இல்லை. அத்தனையும் பழைய புளூஸ்.

போன வாரம் அதை சீனியரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "அந்த வாட்டர்ஸ் தொகுப்பு யார்கிட்டேயாவது இருக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கார்டு அய்யாவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு வாங்க வேண்டும்.