ஆத்துக்குப் போயிட்டு வாரேன்!

‘திருநெல்வேலி’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். ‘‘மச்சான், அல்வா எங்கடா?’’ சென்னையில் இன்ஜினீயரிங் சேர்ந்து இது மூன்றாவது வருஷம். ஒவ்வொரு லீவு முடிந்து வரும்போதும் என் பையைச் சோதனை போட ஹாஸ்டலில் தனிப்படையே உண்டு. ஆனால், இத்தனை நாளில் ‘‘உங்க ஊர் ஆறு எப்படிடா இருக்கு?’’ என்று ஒரு பயலும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல எவ்வளவோ இருக்கு பாஸ்!

அந்த அல்வாவே ஆற்றுத் தண்ணியின் ருசிதான் என்று எங்க ஊரில் சத்தியம் பண்ணுவார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுகிற வேலையை எந்த ஊரிலும் செய்யலாமே? செய்யலாம். ‘‘தாமிரபரணித் தண்ணிக்கு எங்க போவாங்க?’’ இதுதான் அல்வாக்கடை அண்ணாச்சிகளின் ஒரே பதில். லேபில் யாரும் சோதித்துப் பார்த்தார்களோ என்னவோ... எங்க ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் தேவையே இல்லை!

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் கடலோடு சேர்கிறது தாமிரபரணி. பிறப்பதும் தமிழ்நாடு, சேர்வதும் தமிழ்நாடு. அதனால், தண்ணிக்காகப் பக்கத்து மாநிலத்தோடு வழக்கு கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டுமே கைகொடுப்பதால் வற்றாத ஜீவநதி என்று பெயர் வாங்கியாச்சு.

‘‘ஆத்துக்குப் போயிட்டு வாரேன்!’’

எங்க வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். இதற்குக் குளிக்கப் போறேன் என்று மட்டும் அர்த்தம் இல்லை. துணி துவைக்க, சேக்காளிகளைப் பார்க்க, சண்டை போட்டவனோடு சமாதானம் ஆக, வீட்டில் சொன்ன வேலையிலிருந்து தப்பிக்க... எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஊரில் எந்த வீட்டில் பொண்ணு பார்க்க வருகிறார்கள், யார் பையனுக்கு அரியர் விழுந்தது என்கிற செய்தியெல்லாம் படித்துறையில்தான் ரிலீஸ்!

ஆச்சியும் கியூசெக்கும்

என் ஆச்சி அஞ்சாம் கிளாஸ் வரைதான் படித்தவள். ஆனால், காலையில் பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி... மூன்று அணைகளின் முழுக் கொள்ளளவும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். எவ்வளவு கனஅடி திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அன்றைய உத்தரவு பிறக்கும்.

‘‘எய்யா, மணிமுத்தாத்துல தொறந்து விட்டுருக்கான். மேப்படியில நின்னு முங்கிட்டு ஓடி வந்திரு. நடுவாத்துப் பக்கம் போனே, காலை முறிச்சிருவேன்!’’

காலேஜில் ‘ஒரு கியூசெக் என்றால் நொடிக்கு ஒரு கனஅடி, அதாவது சுமார் 28.3 லிட்டர்’ என்று புரொபசர் போர்டில் எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்க ஆச்சி அதைப் படிக்கட்டில் அளப்பாள். இத்தனை கனஅடி விட்டால் எத்தனையாவது படி முங்கும், எப்போது முங்கும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். மலையில் திறக்கிற தண்ணி எங்க துறைக்கு வந்து சேர ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்வாள். கால்குலேட்டர் கிடையாது!

‘‘குறுக்க நீந்துடே!’’

அடுத்தவர், சிந்துபூந்துறைப் பக்கம் எங்களுக்கு நீச்சல் சொல்லித்தந்த பெரியவர். மில் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர். ஃபீஸ் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்குவார். ‘கை இருக்கு’ என்று நம்பி நாம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கை எப்போதோ போயிருக்கும்!

அவர் தந்த பாடங்களில் ஒன்று இன்னும் காதில் இருக்கிறது. ‘‘இழுப்புல மாட்டிக்கிட்டா ஆத்தை எதுத்து நீந்தாதடே. அதுகூட மல்லுக்கட்டி எவனும் செயிச்சதில்ல. அது போற போக்குல போயிக்கிட்டே கரையைப் பாத்துக் குறுக்க நீந்து.’’ செமஸ்டருக்கு முந்தின ராத்திரிகளில் இது எனக்கு ரொம்ப உதவியிருக்கு.

எங்கள் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. ‘போஸ்ட்மேன் மகன்’, ‘டெய்லர் பேரன்’ என்று வீட்டை வைத்துத்தான் கூப்பிடுவார். ஒருத்தன் ரெண்டு நாள் வராவிட்டால், வழியில் அவன் அப்பாவை நிறுத்தி விசாரிப்பார். இப்போது முழங்கால் வலி. படி இறங்க முடியவில்லை. அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவும் இல்லை.

நேரில் பார்க்காத தாத்தா

நான் பார்க்காமலேயே நேசிக்கிற ஒரு மனுஷர் உண்டு... சுலோசன முதலியார். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற ஆற்றுப்பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அக்கரைக்குப் போக படகை நம்பித்தான் இருக்கணும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த முதலியார், தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டவைத்த பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. லண்டனின் பழைய வாட்டர்லூ பாலத்தின் சாயலில் 11 வளைவுகள். இன்றைக்குப் பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்தாச்சு. ஆனாலும், பழைய பாலம் பஸ்ஸையும் லாரியையும் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

இக்கரையில் நெல்லையப்பர் கோயிலும் அல்வாவும். அக்கரையில், 1878-ல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ், 1895-ல் தொடங்கிய சாராள் தக்கர், 1923-ல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸ் என்று வரிசையாகக் காலேஜ்கள். ஆக, எங்க ஊரில் பல தலைமுறைகளின் காலேஜ் வாழ்க்கை இந்தப் பாலத்தில் ஃபுட்போர்டு அடித்தபடிதான் ஆரம்பித்திருக்கிறது. புண்ணியம் முதலியாருக்கு!

வெள்ளத்தில் முங்கும் முருகன்

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முங்கும். அதற்கு முன்னால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணி வடிந்ததும் சேறு, மணலை அள்ளிக் கழுவிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். வெள்ளம் மோதுகிற பக்கத்தை, படகின் முனை மாதிரி அமைத்திருக்கிறார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ‘ஸ்ட்ரீம்லைன்’ பாடம் வந்தபோது, கிளாஸிலேயே எனக்கு மட்டும் உதாரணம் கைவசம் இருந்தது!

ஆனால், 2023 டிசம்பரில் இதையெல்லாம் ரசிக்கிற மனநிலை இல்லை. அந்த மாத முதல் வாரம் சென்னையில் வெள்ளம். ‘பத்திரமா இருக்கியா?’ என்று ஊரிலிருந்து போன் மேல் போன். ரெண்டே வாரத்தில் அப்படியே தலைகீழ். 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலும் தண்ணி. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. வீட்டுக்குப் போன் போட்டால், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. அந்த ஒரு ராத்திரி எவ்வளவு நீளம் என்பது ஊரைவிட்டு வந்து படிக்கிறவர்களுக்குப் புரியும்.

மாடி வீட்டுக்காரர்கள் ஆச்சியைப் பத்திரமாக மேலே ஏற்றிவிட்டார்கள். லீவில் போனபோது, சுவரில் தண்ணி நின்ற கோட்டைக் காட்டினாள். ‘‘இந்த ஆறு இப்படிப் பண்ணிட்டே ஆச்சி!’’ என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘‘ஆத்தை ஏசாதலே. தண்ணி போற ஓடையை அடைச்சு வீடு கட்டினது ஆரு? ஆறா?’’

ஜூலை 23

படித்துறையில் சத்தமாகப் பேசாத ஒரு தேதியும் உண்டு. 1999, ஜூலை 23. நான் பிறப்பதற்கு முன்பு. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலமாக வந்தவர்கள்மீது போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் ஓடியவர்களையும் விடவில்லை. 17 பேர் இறந்துபோனார்கள். வருஷா வருஷம் அன்றைக்குக் கொக்கிரகுளம் ஆற்றில் மலர் தூவ வருகிறார்கள். சின்ன வயதில், ‘‘எதுக்கு இவ்வளவு பூ?’’ என்று கேட்டபோது டீக்கடை அண்ணாச்சி சொன்னார்: ‘‘நம்ம குளிக்கிற தண்ணிதாம்டே. தெரிஞ்சுக்கிட்டுக் குளி.’’

தண்ணி வந்துட்டு... ஆளுகதான் வரல!

இப்போது ஆச்சியும் ஆற்றுக்குப் போவதில்லை. வயசு மட்டும் காரணம் இல்லை. துறைக்குப் பக்கத்திலேயே சாக்கடை வந்து கலக்கிறது. சோப்பு நுரை, பிளாஸ்டிக் பை, ஊர் முழுக்கத் தூக்கிப்போட்ட குப்பை. மேலே பாபநாசத்தில், பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் விடுகிற துணிமணிகள் மூட்டை மூட்டையாகச் சேருகின்றன. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து, சாக்கடை கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

‘‘அதான் ஆத்துத் தண்ணியே பைப்புல வீட்டுக்கு வருதே ஆச்சி!’’ என்றேன். உண்மைதானே? ஆற்றுக்குள் உறைகிணறு போட்டு எடுக்கிற தண்ணிதான் எங்க வீட்டுக் குழாயில் வருகிறது. இடுப்பில் குடம் சுமந்த பாட்டிமார்களின் கஷ்டம் தீர்ந்ததே பெரிய விஷயம். ஆச்சியும் அதை மறுக்கவில்லை.

‘‘தண்ணி வீட்டுக்கு வந்துட்டு எய்யா. ஆளுகதான் வரல’’ என்றாள்.

அவள் சொன்னது தன்னுடைய படித்துறை சேக்காளிகளைப் பற்றி. ஆனால், எனக்கு வேறொன்றும் புரிந்தது. தினமும் ஆயிரம் பேர் இறங்கிக் குளிக்கிற துறையில் ஒரு குழாய் சாக்கடையைத் திறந்துவிட்டால், அன்றைக்குச் சாயங்காலமே ஊர் கூடிச் சண்டைக்குப் போயிருக்கும். இறங்குகிற ஆளே இல்லாத துறையில் யார் கேட்பார்கள்? பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தால் ஆறு எப்போதும் அழகாகத்தான் விழும். நாற்றம் போட்டோவில் வராது. ஆறு அசுத்தமானதால் ஆட்கள் போவதை நிறுத்தினார்கள். ஆட்கள் நிறுத்தியதால் ஆறு இன்னும் அசுத்தமாகிறது. எங்க காலேஜ் பாஷையில் சொன்னால், பக்கா ஃபீட்பேக் லூப்!

இதை எங்கே உடைப்பது? லீவு நாளில் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை அள்ளுகிற ஸ்டூடண்ட்ஸ் எங்க ஊரில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சல்யூட்! என் பங்குக்கு, போன லீவில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தில் பேப்பரில் வருகிற கனஅடிக் கணக்கு. எதிர்ப்பக்கத்தில் ஆச்சியும் நீச்சல் பெரியவரும் சொல்கிற படிக்கணக்கு. சாக்கடை எங்கெங்கே கலக்கிறது என்பதற்குக் கடைசியில் நாலு பக்கம் ஒதுக்கியாச்சு. அந்த நாலு பக்கத்துக்கு மட்டும் யாரையும் கேட்க முடியாது. நானே இறங்கித்தான் பார்க்கணும்.

உங்க ஊரிலும் ஒரு ஆறு இருக்கும். காவிரியோ, வைகையோ, பாலாறோ... மணல் மட்டும் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. அதன் கதை தெரிந்த ஒரு ஆச்சியோ தாத்தாவோ பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். அடுத்த லீவில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘‘தண்ணி எந்தப் படி வரைக்கும் வரும்?’’

பதில் முடிய ரொம்ப நேரமாகும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்!