செவ்வகங்களின் மேல் ஒரு வளைகோடு

ஹிஸ்டோகிராம் எனப்படும் நிகழ்வுச் செவ்வகப் படம், தரவுகளைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை அடங்குகின்றன என்பதைச் செவ்வகங்களால் காட்டுகிறது. பிரிவின் அகலத்தையோ தொடக்கத்தையோ மாற்றினால் படமும் மாறிவிடும். அதனால்தான் அதன் மேலேயே அடர்த்தி வளைகோடு ஒன்றையும் வரைந்து, தரவின் பரவலை இரு வழிகளில் ஒப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு தரவுப் புள்ளியின் மீதும் சிறிய மணிவடிவ மேடு ஒன்றை வைத்து, எல்லா மேடுகளின் சராசரியை எடுத்தால் இந்த வளைகோடு கிடைக்கும். மர்ரே ரோசன்பிளாட் 1956இலும் இமானுவேல் பார்சன் 1962இலும் வெளியிட்ட ஆய்வுகள் இம்முறைக்கு அடித்தளம்.

‘ஆர்’ மென்பொருளுடன் வரும் தரவுத்தொகுப்பு ஒன்றில், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஓல்ட் ஃபெயித்ஃபுல் வெந்நீரூற்று 272 முறை பீறிட்ட நேரங்கள் உள்ளன. மிகக் குறைந்தது 1.6 நிமிடம், மிக அதிகம் 5.1 நிமிடம். அரை நிமிட அகலப் பிரிவுகளில் வரைந்தால், 4 நிமிடத்துக்கு மேல் 4.5 வரையிலான செவ்வகமே உயரமானது: 75 முறை. இதன் மேல் வளைகோட்டைச் சேர்த்தால் அது கண்ணுக்கே தெரியாமல் அடியில் ஒட்டிக்கிடக்கும். செவ்வகங்கள் எண்ணிக்கையில் 75 வரை உயர, வளைகோட்டின் உச்சம் வெறும் 0.48. மென்பொருள் எந்தப் பிழைச்செய்தியும் தராது.

வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பு எப்போதும் 1. செவ்வகங்களின் மொத்தப் பரப்பையும் 1 ஆக்கினால்தான் இரண்டும் ஒரே அச்சில் பொருந்தும். அதற்கு எண்ணிக்கையை, மொத்தத் தரவையும் பிரிவின் அகலத்தையும் பெருக்கிவந்த எண்ணால் வகுக்க வேண்டும். 75ஐ 136ஆல் வகுத்தால் 0.55. ‘ஆர்’, மேட்பிளாட்லிப், ஜிஜிபிளாட்2 ஆகிய வரைபடக் கருவிகளில் உயரத்தை அடர்த்தியாகக் காட்டச் சொல்லும் தெரிவு உண்டு. எண்ணிக்கை அச்சே வேண்டுமென்றால், வளைகோட்டை 136ஆல் பெருக்கலாம். பைத்தானின் சீபார்ன் நூலகம் வளைகோட்டைச் செவ்வகங்களின் அளவுக்குத் தானே உயர்த்திக்கொள்கிறது.

அடுத்த முடிவு, மேடுகளின் அகலம். இதை பேண்ட்வித் என்பார்கள். அது மிகக் குறுகினால் வளைகோடு பற்கள்போல் மேலும் கீழும் ஏறி இறங்கும். மிக விரிந்தால் உண்மையான பள்ளங்களும் மறைந்துபோகும். ‘ஆர்’ தானாகத் தேர்வது சில்வர்மன் தந்த விதி, இத்தரவுக்கு 0.33 நிமிடம். ஒற்றை உச்சமுள்ள பரவலை மனத்தில் வைத்த விதி அது. வெந்நீரூற்றின் தரவிலோ 2 நிமிடத்தருகே ஒன்றும் 4.5 நிமிடத்தருகே ஒன்றுமாக இரு உச்சங்கள். அகலத்தைத் தேரும் வேறொரு முறையான ஷீத்தர்–ஜோன்ஸ் முறையில் அது 0.14 ஆகக் குறைய, இரு உச்சங்களும் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன.

வளைகோட்டுக்குப் பதிலாக இயல்நிலைப் பரவலின் மணிக்கோட்டை வரையும் பழக்கமும் உண்டு. இத்தரவின் சராசரி 3.49 நிமிடம், மணிக்கோட்டின் உச்சமும் அங்கேதான் அமையும். ஆனால் 3 முதல் 3.5 வரையிலான பிரிவில் உள்ளவை 9 மட்டுமே. கோடு உச்சத்தைக் காட்டும் இடத்தில் தரவில் பள்ளம் இருக்கிறது.

ஓரங்களையும் கவனிக்க வேண்டும். மேடுகள் இருபுறமும் சரிவதால், 0.33 அகலத்தில் வளைகோடு 0.6 நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அப்படி ஒரு பீறிடல் தரவில் இல்லை. வருமானம், காத்திருப்பு நேரம்போல் பூச்சியத்துக்குக் கீழே போகமுடியாத அளவுகளில் வளைகோட்டின் வால்பகுதி எதிர்ம எண்களுக்குள்ளும் நுழையும். அங்கே எல்லைத் திருத்தம் தேவை. பிரிவின் அகலத்தையும் தொடக்கத்தையும் பேண்ட்வித்தையும் படத்தின் கீழே குறிப்பிட்டால், பார்ப்பவர் அதைத் தாமே மறுபடி வரைந்து சரிபார்க்கலாம்.