ரன்வே கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா? விமானி பார்த்து இறக்கும் ‘விஷுவல் அப்ரோச்’ நடப்பது எப்படி?

மீஞ்சூர், அத்திப்பட்டு, பழவேற்காடு பக்கம் வானம் தெளிவாக இருக்கும் நாளில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் போதும். வடக்கில் இருந்து வரும் விமானங்கள் சென்னையை நோக்கி உயரத்தைக் குறைத்துக்கொண்டே போவது தெரியும். உள்ளே ஜன்னல் சீட் கிடைத்தவர்களுக்கோ அது இலவச சுற்றுலா. பழவேற்காடு ஏரி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல் திட்டு, காட்டுப்பள்ளி துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் என ஒவ்வொன்றாக வந்து போகும்.

பயணி ரசிக்கும் இந்தக் காட்சிகளை வைத்தே விமானியால் வழி பிடித்து விமானத்தை இறக்கவும் முடியும். அதற்குப் பெயர்தான் ‘விஷுவல் அப்ரோச்’. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பல நூறு உயிர்கள் மயிரிழையில் தப்பிய கதையும் இதில் இருக்கிறது.

விஷுவல் அப்ரோச் அப்படின்னா என்ன?

பெரிய விமான நிலையங்களில் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் ஐஎல்எஸ் என்ற கருவியின் உதவியோடுதான் இறங்குகின்றன. ரன்வே அருகில் இருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் அனுப்பப்படும். ஒன்று ‘இடது, வலது விலகாமல் நேராக வா’ என்று காட்டும். இன்னொன்று ‘இந்தச் சரிவில் இறங்கு’ என்று சொல்லும். மேகம் மூடியிருந்தாலும் இவற்றைப் பிடித்துக்கொண்டு ரன்வே அருகே வந்துவிடலாம்.

வானம் தெளிவாக இருந்தால் கதை வேறு. “ரன்வே தெரியுது” என்று விமானி சொல்ல, கட்டுப்பாட்டு அறை அனுமதி கொடுத்தால், முழுச் சுற்றையும் போகாமல் நேரடியாக ரன்வேயைப் பார்த்துத் திரும்பலாம். நேரமும் எரிபொருளும் மிச்சம்.

இங்கே பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கருவிகளை அணைத்துவிட்டு, யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் பறப்பது அல்ல இது. கட்டுப்பாட்டு அறையின் அனுமதியோடுதான் எல்லாமே நடக்கும். மாறுவது பொறுப்புதான். கீழே இருக்கும் மலை, கட்டடம், கோபுரம் ஆகியவற்றில் இருந்து விலகி வருவது விமானியின் வேலையாகிவிடும். “முன்னாடி போற விமானமும் தெரியுது” என்று சொல்லி, அதைப் பின்தொடர அனுமதி வாங்கிவிட்டால், இடைவெளியைக் காப்பாற்றும் பொறுப்பும் அவர் தலையில்தான்.

சென்னைக்கு எந்தப் பக்கமாக வரும்?

அதை முடிவு செய்வது காற்று. விமானங்கள் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும். சென்னையின் பிரதான ரன்வேக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று பெயர். திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதன் சுருக்கம்தான் இந்த எண்கள்.

வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் 07 பயன்படும். விமானங்கள் மேற்கில் இருந்து உள்ளே வரும். தென்மேற்குக் காற்று காலத்தில் 25 பயன்படும்போது கடல் பக்கமாக வரும். கோடையில் பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்தால், ஒரே நாளில் திசை மாறுவதும் உண்டு.

25-க்கு வடக்கில் இருந்து வரும் விமானம் கடலுக்கு மேல் போய், வலது பக்கம் வளைந்து நகருக்குள் நுழையும். வலப்பக்க ஜன்னலில் மெரினா, இடப்பக்கத்தில் அடையாறு முகத்துவாரம். பிறகு கிண்டி, பரங்கிமலை, ரன்வே.

கடலுக்குப் போகும் பழவேற்காடு மீனவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கலங்கரை விளக்கம், புகைபோக்கி என்று கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து வழி பிடிப்பது படகுக்காரர்களின் பழைய பழக்கம். விமானியும் அப்படித்தான் நிலத்தின் அடையாளங்களைப் பிடிக்கிறார். என்ன, அவருடைய வாகனம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் போகும்!

உயரம் சரியா என்று எப்படித் தெரியும்?

வழக்கமான இறங்கு சரிவு 3 டிகிரி. விமானிகள் மனக்கணக்காக ஒரு கடல் மைலுக்கு 300 அடி என்று வைத்துக்கொள்வார்கள். ரன்வே 5 கடல் மைல் தூரத்தில் இருந்தால் உயரம் சுமார் 1,500 அடி இருக்க வேண்டும். 25-க்கு வரும் விமானம் கடற்கரையைக் கடக்கும்போது ஏறக்குறைய இந்த உயரத்தில்தான் இருக்கும்.

ரன்வே ஓரத்தில் ‘பாபி’ என்ற நான்கு விளக்குகளும் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரம். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்வு.

உலகப் புகழ் பெற்ற அழகான வழிகள்

வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் ‘ரிவர் விஷுவல்’ என்றே ஒரு வழி உண்டு. விமானி பொடோமாக் ஆற்றின் வளைவுகளைப் பின்பற்றி இறங்குவார். கரையோர மக்களுக்கு இரைச்சல் குறையும். வெள்ளை மாளிகையைச் சுற்றியுள்ள தடை செய்யப்பட்ட வான்பகுதிக்குள்ளும் நுழைய வேண்டியிருக்காது.

ஹாங்காங்கின் பழைய காய் டாக் நிலையத்தில் ஒரு குன்றின் மேல் பெரிய கட்டங்கள் வரைந்து வைத்திருந்தார்கள். அது தெரிந்ததும் விமானி அடுக்குமாடிகளுக்கு மேல் வலது பக்கம் வளைத்து இறக்குவார். 1998-ல் அந்த நிலையம் மூடப்பட்டது.

கண் ஏமாற்றினால்?

சிக்கல் இங்கேதான். ரன்வே தெரிகிறது என்பது வேறு, சரியான ரன்வே தெரிகிறது என்பது வேறு.

1972 செப்டம்பர் 24. மும்பை சாந்தாகுரூஸுக்கு வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம், பக்கத்தில் இருக்கும் சிறிய ஜூஹு விமான தளத்தில் இறங்கிவிட்டது. ரன்வே நீளம் போதாமல் விமானம் அதைத் தாண்டி ஓடி சேதமடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. 1953-லேயே ஒரு பிஓஏசி காமெட் ஜெட்டும் இதே தவறைச் செய்திருந்தது.

சென்னைக்கும் இது சம்பந்தமில்லாத கதை அல்ல. மீனம்பாக்கத்தில் இருந்து சில கிலோமீட்டரிலேயே தாம்பரம் விமானப்படைத் தளத்தின் ரன்வே இருக்கிறது.

2017 ஜூலை 7. சான் பிரான்சிஸ்கோவில் நள்ளிரவு நெருங்கும் நேரம். ஏர் கனடா ஏ320 விமானம் விஷுவல் அப்ரோச்சில் வந்தது. இணையாக இருக்கும் இரண்டு ரன்வேக்களில் ஒன்று மூடப்பட்டு விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. எரிந்துகொண்டிருந்த ரன்வேயை ‘இடது’ என்று நினைத்த விமானிகள், அதற்கு வலப்பக்கம் இருந்த டாக்ஸிவேயை ரன்வே என்று நம்பினார்கள். அங்கே நான்கு விமானங்கள் வரிசையாக நின்றிருந்தன. தரையில் இருந்து சுமார் 60 அடி வரை இறங்கி, கடைசி நொடிகளில் மேலே எழும்பியதால்தான் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது. அன்று காக்பிட்டில் ஐஎல்எஸ் அலைவரிசையை வைத்திருந்தால், பாதை விலகியது முன்பே தெரிந்திருக்கும்.

அதே நிலையத்தில் 2013 ஜூலை 6 அன்று ஆசியானா போயிங் 777 மோதியது. பட்டப்பகல், தெளிவான வானம், விஷுவல் அப்ரோச். உயரத்தைக் காட்டும் ஐஎல்எஸ் கற்றை கட்டுமானப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வேகமும் உயரமும் குறைந்துகொண்டே போனதை விமானிகள் தாமதமாகத்தான் கவனித்தார்கள். கடல் தடுப்புச் சுவரில் வால் இடித்தது. 3 பேர் உயிரிழந்தனர்.

இரவில் இன்னொரு மாயையும் உண்டு. கீழே இருண்ட கடல், தூரத்தில் ரன்வே விளக்குகள் மட்டும். இப்போது விமானிக்குத் தான் அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி இறக்கினால் தேவைக்கு மேல் தாழ்ந்துவிடும். இதை ‘கருந்துளை மாயை’ என்கிறார்கள்.

அப்போ பாதுகாப்பு எப்படி?

கண்ணை நம்பு, கருவியை வைத்துச் சரிபார். பாடம் இவ்வளவுதான். விஷுவல் அப்ரோச் என்றாலும் ஐஎல்எஸ்ஸை வைத்துக்கொண்டே வருவது நல்ல பழக்கம். 500 அடிக்கு வருவதற்குள் வேகம், சரிவு, நேர்கோடு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கக் கூடாது, மறுபடி மேலே போக வேண்டும்.

அதனால் நீங்கள் போகும் விமானம் ரன்வே அருகே வந்து திடீரென மேலே ஏறினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் விமானி சரியான முடிவை எடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கீழே இருக்கும் நமக்கு என்ன பங்கு?

2025 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் இறங்க வந்த விமானங்கள் மீது லேசர் ஒளி அடிக்கப்பட்டதாகப் புகார்கள் வந்தன. கையில் பிடிக்கும் சின்ன லேசர்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒளி தூரம் போகப் போக விரியும். காக்பிட் கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவி, விமானிக்குச் சில நொடிகள் எதுவும் தெரியாமல் போகலாம். தரையிறங்கும் நேரத்தில் அந்தச் சில நொடிகள் மிகப் பெரியவை. இது சட்டப்படி குற்றமும்கூட.

அடுத்த முறை பழவேற்காடு பக்கம் தலைக்கு மேல் விமானம் போனால் தாராளமாக அண்ணாந்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். லேசர் மட்டும் வேண்டாம். மேலே ஒருவர் கண்ணை நம்பி, பல பேரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டிருக்கிறார்.