தமிழ் பேசாத மிட்கார்

ஜப்பானிய வீடியோ கேம்களில் 'ரோல் பிளேயிங்' எனப்படும் வகை, கைவேகத்தைக் காட்டிலும் கதையை நம்பி நிற்பது. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, ஊர் ஊராகச் சென்று, எதிர்ப்படுவோரிடம் பேசி, பகைவருடன் மோதி, சிறுகச் சிறுக வலிமை பெற்று, நாற்பது ஐம்பது மணி நேரம் நீளும் கதையை முடித்துவைக்கிறார். 1986-இல் யூஜி ஹோரி வடிவமைத்த 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானில் இதற்கு அடித்தளமிட, மறு ஆண்டே 'ஃபைனல் ஃபேன்டஸி' வந்து சேர்ந்தது.

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1969 வாக்கில் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிக் கடை விரித்த பர்மா பஜாருக்கு, ராயபுரம், திருவொற்றியூர்ச் சிறுவர்கள் 'டிவி கேம்' கேசட் தேடிச் சென்ற காலத்தில், இவ்வகை ஆட்டங்கள் அவர்கள் கைக்கு எட்டியது அரிது. மரியோவும் கான்ட்ராவும் நெருக்கியடித்துக் கிடந்த அந்த மலிவுக் கேசட்டுகளில், ஆட்டத்தை விட்ட இடத்திலேயே சேமித்து வைப்பதற்கான பேட்டரி பெரும்பாலும் இருக்கவில்லை. அரை மணி நேர ஆட்டத்துக்கு அது ஒரு குறையே அன்று, ஐம்பது மணி நேரக் கதைக்கோ சேமிக்கும் வழி இல்லாமல் முடியாது. முதல் டிராகன் குவெஸ்டிலும் பேட்டரி கிடையாது. நிறுத்தும்போது திரையில் தோன்றும் 20 எழுத்து 'உயிர்ப்பு மந்திரத்தை'த் தாளில் எழுதிவைத்து, மறுநாள் பிசகின்றி உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அம்மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. ஜப்பானிய எழுத்தறிந்த சிறுவனுக்கே பெரும்பாடாக இருந்த இதை வடசென்னைச் சிறுவன் என்ன செய்திருக்க முடியும்?

இனி வரும் ஆட்டங்கள் எப்படி இருக்கவேண்டும் என்ற விவாதம், உலக அளவில் பெரும்பாலும் போர்முறையைச் சுற்றியே நடக்கிறது. இரு தரப்பும் முறைவைத்து, யோசித்துத் தாக்கும் பழைய வழக்கத்தை 2023-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி பதினாறாம் பாகம் கைவிட்டு, நிகழ்நேரச் சண்டையை மேற்கொண்டது. ஆனால் அதே பழைய வழக்கத்தைப் புதுப்பித்த 'கிளேர் ஒப்ஸ்க்யூர்' என்ற பிரெஞ்சு ஆட்டம் 2025-இன் சிறந்த ஆட்டமாக 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் தேர்வானதைப் பார்த்தால், ஆடுபவர்கள் சலித்துப்போனது முறைவைத்தலால் அன்று என்றே கொள்ளவேண்டும். ஷிஃப்ட் வேலைக்கு நடுவே ஆடுபவருக்கு, நினைத்த இடத்தில் சேமித்து எழுந்துபோகும் வசதி போர்முறையைவிட முக்கியம்.

எனினும் வடசென்னையிலிருந்து எழக்கூடிய முதல் கோரிக்கை மொழியைப் பற்றியதே. 1997-இல் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி ஏழாம் பாகத்தின் மிட்கார் நகரில், 'ஷின்ரா' என்ற மின்சார நிறுவனம் அவ்வுலகின் உயிராற்றலை உறிஞ்சி எட்டு உலைகளில் மின்னாக்குகிறது. வசதி படைத்தோர் உயரத்தில் அமைந்த இரும்புத் தளத்தின்மேல் வாழ, ஏழைகள் வானமே தெரியாமல் அதனடியில் குடியிருக்கிறார்கள். வடசென்னையின் எண்ணூரில் 1970 முதல் 2017 வரை இயங்கிய அனல் மின் நிலையத்தையும், கொசஸ்தலையாற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவி மீனவர் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கிய எண்ணெயையும் அறிந்தவருக்கு மிட்காரை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்குள்ளவர்கள் பேசுவதை மட்டும் அவர் ஆங்கிலம் வழியாகப் படிக்கவேண்டியிருக்கிறது.

ஜப்பானிய எழுத்துக்கு அளவெடுத்த உரையாடல் பெட்டியில் தமிழ்ச் சொற்கள் எளிதில் அடங்கமாட்டா என்பது மெய்யான இடர்ப்பாடே. ஆனால் 64 கிலோபைட் கேசட்டில் இடமின்றி, ஜப்பானியக் கட்டகானா எழுத்துகளில் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு டிராகன் குவெஸ்ட் கதையைச் சொல்லிமுடித்த துறை இது. தமிழ் வாழ்க்கை ஆட்டத்துக்கு ஒத்துவராது என்ற ஐயத்தையும், கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிப்பதில் தொடங்கும் 'வெண்பா' தீர்த்துவைத்தது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட அந்த ஆட்டம், மறு ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. ஜப்பானியப் படைப்பான போக்கிமானின் 'கோ' ஆட்டத்தில் 2023-இலேயே இந்தி சேர்ந்துவிட்டது. மிட்காரின் கதையோ 1997-இன் மூலத்திலும் சரி, 2020-இலும் 2024-இலும் வந்த மறுவாக்கங்களிலும் சரி, தமிழில் கிடைக்கவில்லை.