சம்பளம் பாதி... சேவை பாதி!

2011ல் தமிழக அரசு, மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அப்போது கொடுத்த கணினிகளில், விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. உங்கள் அண்ணனோ, அக்காவோ பார்த்திருப்பார்கள்.

பாஸை 2007ல் வெளியிட்டது, 'சி-டாக்' என்ற மத்திய அரசு நிறுவனம். அதன் சென்னை மையப் பொறியாளர்கள், மாதச் சம்பளம் வாங்குபவர்கள். ஆனால், எல்லாவற்றையும் அவர்களே எழுதவில்லை. 'டெபியன்' என்ற தொகுப்பை அடித்தளமாக எடுத்துக்கொண்டனர். அது, இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 1993ல் தொடங்கியது. இன்றும் அதை நடத்துவோர், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள்!

'சம்பளம் இல்லாமல் யாராவது உழைப்பார்களா?' என்கிறீர்களா? நம் அச்சங்குளம் பக்கம் ஊர்ப்பொங்கலில் அன்னதானம் நடந்தால், சமையல்காரருக்குக் கூலி உண்டு. காய் நறுக்கி, இலை போட்டுப் பரிமாறும் இளைஞர்களுக்குக் கூலி இல்லை. பந்தியோ எல்லாருக்கும் பொது!

லினக்ஸின் கதையும் இதுதான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ல் ஆர்வத்தால் எழுதத் தொடங்கினார். இன்று அதன் மையப்பகுதியை வளர்ப்போரில் பெரும்பாலோர், இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். நிறுவனங்களுக்கு என்ன லாபம்? ஆளுக்கொரு அடுப்பு மூட்டுவதைவிட, ஒரே அண்டாவில் சமைத்தால் செலவு குறைவுதானே!

அங்கே ஒரு நியாயம் உண்டு. பெரிய நிறுவனத்தார் எழுதினாலும், மாணவர் எழுதினாலும், அந்தப் பகுதியின் பொறுப்பாளர் சோதித்த பிறகே நிரல் சேரும். லினக்ஸை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர், மூலநிரலையும் கொடுக்க வேண்டும். அது உரிமத்தின் விதி.

எல்லாரும் சாப்பிட்டு, யாரும் உதவாவிட்டால்? அதுவும் நடந்தது! இணையத்தில் நம் கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருள், 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' பெரிய நிறுவனங்கள் பலவும் அதைப் பயன்படுத்தின. ஆனால், முழுநேரமும் அதற்காக உழைத்தவர் ஒரே ஒருவர். 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. கடவுச்சொற்கள் திருடு போகுமோ என்று உலகமே பதறியது. அதன்பிறகே நிறுவனங்கள் விழித்துக்கொண்டு, ஆட்களை அமர்த்தப் பணம் கொடுத்தன.

ஆக, சேவை செய்பவர்களின் ஆர்வமும் வேண்டும். சம்பளம் வாங்குபவர்களின் முழுநேர உழைப்பும் வேண்டும். ஒன்றை நம்பி மற்றொன்றைக் கைவிட்டால் ஆபத்துதான்.

நிரல் எழுதத் தெரியாத நீங்களும் உதவலாம். இத்தகைய மென்பொருளில் தமிழ்ச்சொல் பிழையாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் உதவியுடன் அதை உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் அல்லவா!