வேப்பங்கொட்டைக் கரைசலும் வெயிலும்

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சேன், புழு சாகவே இல்ல" என்று மறுபடி பூச்சிமருந்துக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நானும் போக இருந்தவன்தான். காலை பத்து மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், சோப்பு நுரைக்காத போர் தண்ணியில் கலக்கி அடித்தேன். தப்பு வேம்பில் இல்லை.

வேப்பங்கொட்டையில் முக்கியமாக வேலை செய்வது அசாடிராக்டின். 1968இல் இங்கிலாந்தில் இதைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில் இதைச் செயற்கையாக உருவாக்க கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருசம் ஆச்சு, 2007இல்தான் முடிந்தது. நம்ம வேப்பமரம் வருசா வருசம் அதைச் செய்து சும்மா கீழே கொட்டுது! ஆனால் இந்த மூலக்கூறு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சிதைந்துவிடும். காரத் தண்ணியிலும் சிதையும். லேசான புளிப்பில் தாங்கும்.

அதனால் சாயங்காலம் அடியுங்க. கொட்டையை ஊறப்போடும் முன்னாடியே தண்ணியில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்க. 7க்கு மேல் காட்டினால் எலுமிச்சைச் சாறு விட்டு 6க்குக் கொண்டுவாங்க. காதி சோப்பும் காரம்தான்; அடிக்கப்போகும்போது சேர்த்தால் போதும். வடிகட்டிய கரைசலை மறுநாளைக்கு வைக்காதீங்க.

இன்னொன்று, புழு உடனே சாகாது. தின்பதைக் குறைக்கும், தோலுரிக்க முடியாமல் தவிக்கும். செத்த புழுவை எண்ணாதீங்க. மூன்று நாள் கழித்து, புதுத் தளிரில் ஓட்டை விழுந்திருக்கா என்று பாருங்க.